அபாயப் பலகையில் இல்லாத இரண்டு எண்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கி, திருத்தப்பட்டுள்ளது.)

இந்த வாரம் கோடிங் இல்லை, ஏஐ இல்லை, வேலை மாறுறது பத்தியும் இல்லை. கரண்ட் பத்திப் பேசப் போறோம்.

கேட்டுட்டு இருக்கிற உங்கள்ல பல பேர் ட்ரிபிள் ஈ படிச்சிட்டு ஐடி-ல இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். நானும் அந்தக் கூட்டம்தான். நாலு வருஷம் மெஷின்ஸ் லேப்ல மோட்டார் ஓட்டி ரீடிங் எடுத்தோம், பவர் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினோம், அப்புறம் லேப்டாப்பைத் திறந்து உக்கார்ந்துட்டோம். ஆனா நம்ம கூட டிப்ளமோ, ஐடிஐ படிச்ச பசங்க இன்னைக்கும் பேனலைத் திறந்துட்டுத்தான் இருக்காங்க. இன்னைக்கு எபிசோட் அவங்க கையைப் பத்தினது.

நான் தேனிப் பக்கம். நம்ம கம்பம் பள்ளத்தாக்கை வெளியூர்க்காரங்க திராட்சைக்கும் மேகமலைக்கும்தான் ஞாபகம் வச்சிருப்பாங்க. கொஞ்சம் வேற கண்ணாடி போட்டுப் பாருங்க. குமுளி மலைப்பாதையில ஏறும்போது லோயர் கேம்ப்ல மலைச்சரிவுல ராட்சதக் குழாய்கள் இறங்கி வரும். அது பெரியாறு நீர்மின் நிலையம். 1895-ல கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணைத் தண்ணி, விவசாயத்துக்குப் போறதுக்கு முன்னாடி அங்க நாலு ஜெனரேட்டரைச் சுத்திட்டுத்தான் கீழ இறங்குது. அந்தப் பக்கம் சுருளியாறு மின்நிலையம். ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் போனா காத்தாடிகள். கணவாய் வழியா தென்மேற்குப் பருவக்காத்து பிச்சிட்டு வர்ற ஜூன் முதல் செப்டம்பர் வரை அதுங்களுக்கு சீசன். நடுவுல நூல் மில்லுகள், சக்கம்பட்டித் தறிகள், சின்னமனூர் அரிசி ஆலைகள், தோட்டத்துக்குத் தோட்டம் மோட்டார் ரூம். உற்பத்தி பண்றதுல இருந்து உபயோகிக்கிறது வரைக்கும், கரண்டோட மொத்தப் பயணத்தையும் ஒரே பஸ் ரூட்ல பார்க்கிற ஊர் எங்க ஊர்.

இந்த ரூட் முழுக்க ஒரு பொருள் பொதுவா இருக்கும். அபாயப் பலகை. மண்டை ஓடு, எலும்பு, "அபாயம்", கீழ 415 வோல்ட்ஸ் இல்லேன்னா 11,000 வோல்ட்ஸ். மாவட்டத்தோட மொழியிலயும் இருக்கணும்னு விதியே இருக்கு. நல்ல பலகை. ஆனா அதுல ஒரே ஒரு எண்தான் இருக்கு. பேனலைத் திறக்கிற ஆளோட உயிரைத் தீர்மானிக்கிற வேற இரண்டு எண்கள் அதுல இல்லை. அந்த இரண்டு எண்களைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச்சு.

தொட்டாத்தான் ஆபத்தா?

சின்ன வயசுல இருந்து நமக்குச் சொல்லிக் குடுத்தது ஒண்ணுதான்: "தொடாத, ஷாக் அடிக்கும்." ஷாக்னா என்ன? மின்சாரம் உடம்பு வழியாப் போறது. அதுக்கு நாம கம்பியைத் தொடணும், இல்ல ரொம்பக் கிட்டப் போகணும். அதுக்குத்தான் ரப்பர் செருப்பு, கையுறை, மேட், எர்த்திங், இப்போ வீடுகள்ல வைக்கிற ஆர்சிசிபி எல்லாம். இது நியாயமான பயம். இந்தியாவுல மின்சாரம் தாக்கி வருஷத்துக்கு 12,000 பேருக்கு மேல சாகுறாங்கன்னு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தோட சமீப வருஷ அறிக்கைகள் சொல்லுது.

ஆனா இன்னொரு விபத்து இருக்கு. அதுக்கு நீங்க எதையும் தொட வேண்டியதில்லை. பேனலுக்கு ரெண்டு அடி தள்ளி, ரப்பர் மேட் மேல, புது ஷூ போட்டு நின்னாலும் அது உங்களை வந்து தொடும். அதுக்குப் பேர் ஆர்க் ஃபிளாஷ்.

பள்ளிக்கூடப் புத்தகத்துல 'மின்வில்'னு படிச்சிருப்போம். வெல்டிங் பட்டறையில தினமும் பார்க்கிறது அதைத்தான். ரெண்டு உலோகத்துக்கு நடுவுல இருக்கிற காத்தே கம்பி மாதிரி மாறி, அது வழியா மின்சாரம் பாயுறது. வெல்டர் நூத்துச் சொச்சம் ஆம்பியரை வச்சுக்கிட்டு, கண்ணாடி போட்டு, கட்டுப்பாட்டுல அதை நடத்துறார். மில்லு மெயின் பேனல்ல இதே வில் கட்டுப்பாடில்லாம உருவானா ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். வெப்பநிலை 19,000 டிகிரி செல்சியஸ் வரை போகலாம்னு சொல்றாங்க. சூரியனோட மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரிதான். உள்ள இருக்கிற செம்புக் கட்டைகள் உருகுறதோட நிக்காது, ஆவியாகும். ஆவியாகும்போது செம்பு 67,000 மடங்கு வரை விரியும்னு ஒரு கணக்கு உண்டு. தண்ணி நீராவியாகும்போது விரியறது ஏறக்குறைய 1,700 மடங்குதான். அதுக்கே குக்கர் மூடி பறக்குது. இங்க பேனல் கதவு பறக்கும். கூடவே உருகின உலோகத் துளிகள், காதைக் கிழிக்கிற சத்தம், கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். எல்லாம் ஒரு நொடிக்குள்ள.

எப்படி ஆரம்பிக்கும்? பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. கை தவறி ஒரு ஸ்பேனர் பஸ்பார் மேல விழலாம். பல்லியோ எலியோ ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல போய் மாட்டலாம். நட்டு லூசாகிச் சூடேறிக்கிட்டே இருந்திருக்கலாம். நூல் மில்லுன்னா பஞ்சுத் தூசி உள்ள படிஞ்சு, மழைக்கால ஈரத்தை வாங்கிக்கிட்டு உக்கார்ந்திருக்கலாம். இன்னொரு காரணம் அடிக்கடி நடக்கும், யாரும் பேச மாட்டாங்க: மல்டிமீட்டரை ஆம்பியர்ல வச்சுட்டு, வோல்டேஜ் பார்க்கிறதா நினைச்சு ரெண்டு ஃபேஸ்ல குத்துறது. ஆம்பியர் மோடுல மீட்டர் ஏறக்குறைய ஒரு துண்டுக் கம்பிதான். நீங்களே ஷார்ட் சர்க்யூட் பண்ணின மாதிரி.

முதல் எண்: எத்தனை ஆயிரம் ஆம்பியர்?

இப்போ ஒரு சின்னக் கணக்கு. பேப்பர் தேவையில்லை, காதாலேயே கேட்டுக்கலாம்.

ஒரு மில்லுல 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் இருக்குன்னு வச்சுக்கோங்க. 11,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாக் குடுக்குது. முழு லோடுல அது தர்றது சுமார் 667 ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மர் பெயர்த் தகட்டுல 'சதவீத இம்பிடன்ஸ்'னு ஒண்ணு போட்டிருப்பாங்க, 4.5-னு வச்சுக்கலாம். வெளியே வர்ற முனையிலேயே ஷார்ட் ஆனா எவ்வளவு பாயும்? 667-ஐ 4.5 சதவீதத்தால வகுங்க. ஏறக்குறைய 14,800 ஆம்பியர். ஆர்க்கா எரியும்போது காத்தோட தடையால இது குறையும். பாதியாவே குறைஞ்சாலும் 7,000 ஆம்பியர் வெல்டிங்.

இதே கணக்கை ஊர் ஓரத்துல நிக்கிற 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மருக்குப் போட்டா சுமார் 3,000 ஆம்பியர் வரும். அங்கிருந்து அரை கிலோமீட்டர் கம்பி தாண்டி உங்க தோட்டத்து மோட்டார் ரூமுக்கு வரும்போது அது இன்னும் நல்லாக் குறைஞ்சிரும். ரெண்டு இடத்துலயும் பலகையில எழுதியிருக்கிறது அதே 415 வோல்ட்தான். ஆனா மோட்டார் ரூம் ஸ்டார்ட்டர்ல வர்ற பொறியும், மில்லு மெயின் பேனல்ல வர்ற வெடிப்பும் ஒண்ணில்லை. "415 தானே, பார்த்துக்கலாம்"னு ஒரு எலக்ட்ரீஷியன் சொல்றார்னா, அவர் வோல்ட்டை மட்டும் பார்த்துட்டுச் சொல்றார். தோட்டத்துல பத்து வருஷம் பழகின தைரியத்தை அப்படியே மில்லுக்குத் தூக்கிட்டு வர்றது இப்படித்தான் ஆபத்தாகுது.

காத்தாடியும் இதே கதைதான். வெளிய இருந்து பார்த்தா சாதுவாச் சுத்திட்டு இருக்கும். பெரிய காத்தாடிகள்ல ஜெனரேட்டர் பெரும்பாலும் 690 வோல்ட். டவருக்கு உள்ளேயோ பக்கத்துலயோ பேனல், டிரான்ஸ்ஃபார்மர். உள்ள இடம் குறுகல். பின்னாடி குதிச்சு ஓட வழியில்லை. வேலை பார்க்கிறவங்கள்ல நிறைய பேர் நம்மளை விடச் சின்னப் பசங்க.

இரண்டாவது எண்: எத்தனை நொடி?

முதல் எண்ணை நாம பெருசா மாத்த முடியாது, டிரான்ஸ்ஃபார்மர் வாங்கின அன்னைக்கே அது முடிவாயிருச்சு. ரெண்டாவது எண் நம்ம கையில இருக்கு. அது நேரம்.

ஆர்க் எரியற நேரம் கூடக்கூட, உங்க மேல விழுற வெப்பமும் அதே விகிதத்துல கூடும். சும்மா ஒரு உதாரணம்: ஒரு பேனல்ல ஆர்க் 0.1 நொடி எரிஞ்சா, முன்னாடி நிக்கிற ஆளோட ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் தோல் மேலயும் 2 கலோரி விழுதுன்னு வைங்க. அரை நொடி எரிஞ்சா 10 கலோரி. 2 நொடி எரிஞ்சா 40. அதே பேனல், அதே ஆம்பியர், அதே ஆள். கொப்புளம் கிளம்புற இரண்டாம் நிலைத் தீக்காயத்துக்கு எல்லையா வச்சிருக்கிறது எவ்வளவு தெரியுமா? சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 1.2 கலோரி.

அந்த நேரத்தை யார் முடிவு பண்றாங்க? பீஸும் பிரேக்கரும். சரியா தேர்ந்தெடுத்த எச்ஆர்சி பீஸ், பெரிய ஃபால்ட் வந்தா ஒரு நொடியில நூறுல ஒரு பங்குக்குள்ள அறுத்து விட்டுரும். நல்லா இருக்கிற பிரேக்கர் உடனடி டிரிப்ல அதைவிடக் கொஞ்சம் கூட எடுத்துக்கும். இதெல்லாம் ஒழுங்கா இருந்தா நாம பேசறது மேல சொன்ன கணக்குல முதல் வரி.

நம்ம ஊர் நிஜம் என்ன? அடிக்கடி பீஸ் போகுதுன்னு பீஸ் கட்டையில தடிச்ச செம்புக் கம்பியைச் சுத்தி வைக்கிறது. டிரிப் ஆகிட்டே இருக்குன்னு பிரேக்கர் செட்டிங்கை உச்சத்துல திருப்பி விடறது. பத்து வருஷமா சர்வீஸ் பார்க்காத பிரேக்கர், உள்ள கிரீஸ் காஞ்சு கெட்டியாகி, திறக்க வேண்டிய நேரத்துல மெதுவாத் திறக்கிறது. இது எல்லாமே வெளிய பார்த்தா ஒரே வேலையைத்தான் செய்யுது: கரண்ட் நிக்காமப் பார்த்துக்குது. உள்ள இன்னொரு வேலையும் செய்யுது: ரெண்டாவது எண்ணைக் கூட்டுது. நம்ம பாஷையில சொன்னா, ஒரு சர்வீஸ் அடிக்கடி டைம் அவுட் ஆகுதுன்னு டைம் அவுட் லிமிட்டையே தூக்கிட்ட மாதிரி. வித்தியாசம், இங்க தொங்கறது ரிக்வெஸ்ட் இல்ல.

இதுல மோசமான இடம் எது தெரியுமா? மெயின் இன்கமர். டிரான்ஸ்ஃபார்மருக்கும் முதல் பிரேக்கருக்கும் நடுவுல இருக்கிற கேபிளும் முனைகளும். அங்க ஆர்க் வந்தா அந்த பிரேக்கரால எதுவும் பண்ண முடியாது, ஏன்னா ஃபால்ட் அதுக்கு முன்னாடியே இருக்கு. அறுத்து விட வேண்டியது டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம், 11,000 வோல்ட்ல இருக்கிற பீஸ். இந்தப் பக்கத்து ஆம்பியர் அங்க 25-ல ஒரு பங்காத்தான் தெரியும். அதனால அந்தப் பீஸ் அவசரப்படாது. "மெயினை ஆஃப் பண்ணியாச்சு, இப்போ இன்கமர் நட்டை டைட் பண்ணலாம்"னு ஒருத்தர் போறார்னா, பேனல்லயே அதிக ஆபத்தான இடத்துல, கரண்ட் இருக்கிற முனையில கை வைக்கிறார். மெயின் ஆஃப் பண்ணினா இன்கமர் ஆஃப் ஆகாது. தயவுசெஞ்சு இந்த ஒரு வரியை உங்க வீட்ல, மில்லுல, அபார்ட்மென்ட்ல இருக்கிற எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லுங்க.

ஸ்ரீசைலம், ஆகஸ்ட் 2020

நேரம்ங்கிற இந்த எண் எவ்வளவு பெருசாக முடியும்ங்கிறதுக்கு, லோயர் கேம்ப் மாதிரியே தண்ணியில ஓடற இன்னொரு மின்நிலையத்துல நடந்ததைப் பார்க்கணும். தெலங்கானாவுல, கிருஷ்ணா நதி மேல ஸ்ரீசைலம் இடதுகரை நீர்மின் நிலையம். 900 மெகாவாட். மொத்தமும் பூமிக்கு அடியில. 2020 ஆகஸ்ட் 20 ராத்திரி அங்க தீப்பிடிச்சது. ஒன்பது பேர் இறந்தாங்க. ஏழு பேர் மின்நிலைய ஊழியர்கள், ரெண்டு பேர் பேட்டரி கம்பெனியில இருந்து வேலைக்கு வந்தவங்க.

பேட்டரி கம்பெனி ஆளுங்க ஏன் அங்க இருந்தாங்க? பெரிய மின்நிலையம், சப்ஸ்டேஷன் எல்லாத்துலயும் ஒரு பேட்டரி ரூம் இருக்கும். பிரேக்கரைத் திறக்க வைக்கிற ரிலேவும் காயிலும் அந்த டிசி சப்ளையிலதான் வேலை செய்யும். லைன்ல என்ன கோளாறு வந்தாலும் அதைக் கண்டுபிடிச்சு அறுத்து விடற மூளைக்குத் தனி சாப்பாடு. அன்னைக்கு அந்த பேட்டரியை மாத்துற வேலை நடந்துட்டு இருந்தது. டிசி சப்ளை போச்சு, அதனால பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்ய வேண்டிய நேரத்துல செய்யலைன்னுதான் விபத்துக்கு அப்புறம் வந்த தகவல்கள் சொல்லுச்சு. அதாவது, அறுத்து விட ஆள் இல்லை. நான் மேல சொன்ன 0.1 நொடியில முடிய வேண்டியது, முடியவே இல்லை.

இதுல நாம எடுத்துக்க வேண்டியது ஒண்ணு. ஆர்க்கோட அளவை முடிவு பண்றது வெடிக்கிற இடம் மட்டும் இல்லை. பக்கத்து ரூம்ல சத்தமே போடாம உக்கார்ந்திருக்கிற பேட்டரி, ரிலே, பீஸ் எல்லாம் சேர்ந்துதான். பராமரிப்புச் செலவுல முதல்ல வெட்டுறதும் இதுங்களைத்தான், ஏன்னா இதுங்க வேலை செய்யலைன்னு தெரியற நாள் வரைக்கும் எல்லாம் நல்லாவே ஓடிட்டு இருக்கும்.

விதி என்ன சொல்லுது?

இந்த ஆபத்துக்கு உலகம் தனியாப் பேர் வச்சதே ரொம்பத் தாமதமாத்தான். மின்சாரம் வந்து நூறு வருஷம் ஷாக்கையும் தீயையும் பத்தித்தான் பேசினாங்க. 1982-ல ரால்ஃப் லீ-ன்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர், ஆர்க் தீக்காயத்தை மின்சாரத்தோட 'இன்னொரு ஆபத்து'ன்னு தலைப்பு வச்சு ஒரு கட்டுரை எழுதினார். எவ்வளவு தூரத்துல நின்னா எவ்வளவு வேகும்னு அதுல கணக்குப் போட்டார். அமெரிக்காவுல என்எஃப்பிஏ 70இ-ங்கிற பணியிட மின்பாதுகாப்புத் தரநிலை 1979-லயே வந்திருந்தாலும், ஆர்க் விஷயம் அதுக்குள்ள வந்தது 1990-கள்லதான். கணக்குப் போடற முறைக்கு ஐஇஇஇ 1584 தரநிலை 2002-ல வந்து, 2018-ல திருத்தப்பட்டது. இதை வச்சுத்தான் அங்க பேனல் மேல ஸ்டிக்கர் ஒட்டுறாங்க: இந்தப் பேனல்ல இத்தனை கலோரி வரும், இத்தனை தூரத்துக்குள்ள வராதே, வந்தா இந்த உடை போடு. நம்ம அபாயப் பலகையில இல்லாத ரெண்டு எண்ணும் சேர்ந்த விடை அந்த ஸ்டிக்கர்ல இருக்கும். நம்ம ஊர்ல பன்னாட்டுக் கம்பெனி ஆலைகள்ல இதைப் பார்க்கலாம்.

இந்தியாவுல இதுக்கு அடிப்படை, மத்திய மின்சார ஆணையத்தோட பாதுகாப்பு மற்றும் மின்வழங்கல் ஒழுங்குமுறைகள். 2010-ல வந்தது, 2023-ல புதுசா மாத்தினாங்க. கூடவே வேலை நடைமுறைக்கு ஐஎஸ் 5216, எர்த்திங்குக்கு ஐஎஸ் 3043, ரப்பர் மேட்டுக்கு ஐஎஸ் 15652. இது எல்லாத்தோட சாரமும் ஒண்ணுதான்: நிறுத்திட்டு வேலை செய்.

இதுல நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு பழக்கம் ஏற்கனவே இருக்கு. மின்வாரியத்துல வேலை பார்க்கிற யாரையாவது கேளுங்க, "எல்சி வாங்கியாச்சா?"ங்கிற வார்த்தை வாயில வராத நாளே இருக்காது. எல்சின்னா லைன் கிளியர். சப்ஸ்டேஷன்ல ஃபீடரை நிறுத்தி, இன்னாருக்கு, இத்தனை மணிக்குன்னு ரெஜிஸ்டர்ல எழுதிக் குடுப்பாங்க. வாங்கின ஆளே வேலை முடிச்சுத் திருப்பிக் குடுத்தாத்தான் மறுபடி சார்ஜ் பண்ணுவாங்க. அமெரிக்காக்காரன் லாக் அவுட், டேக் அவுட்னு சொல்றதோட அண்ணன் தம்பி இது. ரோட்டுக் கம்பத்துக்கு இருக்கிற இந்த ஒழுக்கம், காம்பவுண்டுக்கு உள்ள வந்ததும் பல இடத்துல காணாமப் போயிருது. ஏன்னா உள்ள எல்சி குடுக்கிறவரும் வாங்குறவரும் ஒரே ஆள், பல நேரம் அவரும் ஷிஃப்டுல தனியா இருப்பார்.

வரிசைதான் பாதுகாப்பு

சரி, என்ன செய்யணும்? வரிசை முக்கியம். மாத்திப் போட்டா அர்த்தம் போயிரும்.

முதல்ல நிறுத்தணும். வேலை செய்யப் போற இடத்துக்கு மேல இருக்கிற சுவிட்சை. ஜெனரேட்டர், யுபிஎஸ், சோலார் எதுவும் பின்பக்கமா கரண்ட் அனுப்பாதுன்னு உறுதி பண்ணணும்.

ரெண்டாவது, பூட்டுப் போடணும். ஆஃப் பண்ணினதை இன்னொருத்தர் தெரியாம ஆன் பண்ண முடியாத மாதிரி. சாவி வேலை செய்யற ஆளோட பாக்கெட்ல இருக்கணும், ஆபீஸ் மேஜையில இல்ல. ஒரு பூட்டு, ஒரு அட்டை. செலவு சில நூறு ரூபாய்தான்.

மூணாவது, கரண்ட் இல்லைன்னு சோதிக்கணும். சோதிக்கிறதுக்கு முன்னாடி, கரண்ட் இருக்கிற வேற இடத்துல டெஸ்டரை வச்சு அது வேலை செய்யுதான்னு பார்க்கணும். அப்புறம் இங்க. அப்புறம் மறுபடி அங்க. எரியாத டெஸ்டர், கரண்ட் இல்லாததாலயா, டெஸ்டர் செத்ததாலயான்னு வேற எப்படித் தெரியும்?

நாலாவது, எர்த் பண்ணணும், முக்கியமா 11,000 வோல்ட் பக்கம். தேங்கி நிக்கிறது, தப்பி வர்றது எல்லாம் மண்ணுக்குப் போகட்டும்.

இதெல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் ஸ்பேனர்.

ஒரு விஷயத்தை இதுல சேர்க்கணும். ஆர்க் பல நேரம் சுவிட்சை ஆன், ஆஃப் பண்ணும்போதுதான் வரும். அதனால கதவை மூடிட்டு ஆபரேட் பண்ணணும். பேனலுக்கு நேரா நிக்காம, கைப்பிடிப் பக்கமா ஓரத்துல நின்னு, முகத்தைத் திருப்பிக்கிட்டு. காசு செலவில்லாத பாதுகாப்பு இது.

கடைசியாத்தான் உடை. ஆர்க் உடைகள் 4, 8, 25, 40 கலோரின்னு நாலு படியா வருது. இதை ஏன் கடைசியாச் சொல்றேன்னா, உடை ஆர்க்கை நிறுத்தாது, உங்க உயிர் போற வாய்ப்பைத்தான் குறைக்கும். ஆனா அந்த உடை வாங்க முடியாத இடத்துலயும் ஒண்ணு செய்யலாம். பாலியஸ்டர் கலந்த யூனிஃபார்மைப் பேனல் வேலைக்குப் போடாதீங்க. அது எரியறதோட விடாது, உருகித் தோல்ல ஒட்டிக்கும். உள்ள போடற நைலான் பனியனும் அப்படித்தான். தடிச்ச பருத்தி முழுக்கைச் சட்டையும் தீப்பிடிக்கும், ஆர்க் உடைக்கு அது ஈடு இல்லை, ஆனா உருகாது. பருத்தி நூல் நூற்கிற ஊர்ல, மில்லு எலக்ட்ரீஷியனுக்கு டெரிகாட்டன் யூனிஃபார்ம் குடுக்கிறோம். யோசிச்சுப் பாருங்க.

யார் நிறுத்தச் சொல்லணும்?

இந்த எபிசோடுக்காக ஊர்ல தெரிஞ்ச சில எலக்ட்ரீஷியன்கள்கிட்ட பேசினேன். ஒரு அண்ணன் நேராவே சொன்னார்: "தம்பி, நீ சொல்ற எதுவும் எனக்குத் தெரியாததில்ல. ஆஃப் பண்ணுங்கன்னு நான் கேட்டா, எவ்வளவு நேரம்னு கேப்பாங்க. அரை மணி நேரம்னா, அப்படியே பார்த்து முடிங்கன்னுருவாங்க."

எனக்கு இந்த எபிசோடோட மையமே இந்த வார்த்தைதான். 'அப்படியே பார்த்து முடிங்க.' ரிங் ஃபிரேம் நின்னா நூல் அறுந்து போகும், மறுபடி ஓட்ட நேரமாகும், ஆர்டர் தள்ளிப் போகும். எல்லாம் உண்மைதான். ஆனா அந்தக் கணக்குல நிறுத்தினா வர்ற நஷ்டம் மட்டும்தான் இருக்கு. நிறுத்தாட்டி வர்றது இல்லை. ஒரு ஆர்க்குக்கு அப்புறம் பேனலே இருக்காது, மில்லு அரை மணி நேரம் இல்ல, வாரக்கணக்குல நிக்கும். ஒரு குடும்பம் நிக்கிறது இதுல சேர்க்கவே இல்லை. முடிவு எடுக்கிறவர் ஏசி ரூம்ல இருக்கார், முடிவைக் கையில வாங்குறவர் பேனல் முன்னாடி இருக்கார். அந்த ஆள் பல நேரம் கான்ட்ராக்ட்ல வந்தவர்; மறுத்துப் பேசினா நாளைக்கு வேற ஆள் வருவார்னு அவருக்குத் தெரியும்.

அதனால "கவனமா இருங்க அண்ணே"ன்னு எலக்ட்ரீஷியன்கிட்ட மட்டும் சொல்றது போதாது. நிறுத்தற அதிகாரம் யார்கிட்ட இருக்கோ அங்க கேள்வி போகணும். கேட்டுட்டு இருக்கிற உங்கள்ல சிலருக்கு அந்த அதிகாரம் இருக்கு, உணராம இருக்கீங்க. அபார்ட்மென்ட் அசோசியேஷன்ல இருக்கீங்களா? லிஃப்ட் நிக்கக் கூடாதுன்னு மெயின் பேனலைக் கரண்டோட பார்க்கச் சொல்ற ஆள் நீங்களா இருக்கலாம். ஆபீஸ்ல அட்மின் டீமா? டேட்டா சென்டர் யுபிஎஸ் பேனலுக்கும் இதே கணக்குதான். அப்பாவோட மில்லு, தாத்தாவோட மோட்டார் ரூமா? அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பீஸ் கட்டையில என்ன கம்பி சுத்தியிருக்குன்னு எலக்ட்ரீஷியனைக் காட்டச் சொல்லுங்க. நீங்க திறக்காதீங்க.

கேட்க வேண்டியது மூணு கேள்விதான். இந்தப் பேனல்ல ஷார்ட் ஆனா எத்தனை ஆயிரம் ஆம்பியர் வரும்? எத்தனை நொடியில அறுத்து விடும், அதைக் கடைசியா எப்போ சோதிச்சோம்? வேலைக்கு முன்னாடி நிறுத்திப் பூட்ட, கேள்வி கேக்காம யாருக்கு அதிகாரம் குடுத்திருக்கோம்? முதல் ரெண்டுக்கு ஒரு நல்ல இன்ஜினியர் விடை சொல்லிருவார். மூணாவதுக்கு முதலாளிதான் சொல்லணும்.

நடந்துருச்சுன்னா என்ன பண்றது, சுருக்கமா. ஓடிப்போய் ஆளைப் பிடிக்காதீங்க, முதல்ல சப்ளையை நிறுத்துங்க. உடை எரிஞ்சா அணைங்க. தோல்ல ஒட்டினதைப் பிய்க்காதீங்க. பேச்சுமூச்சு இல்லைன்னா சிபிஆர் தெரிஞ்சவங்க உடனே ஆரம்பிக்கணும். காயத்து மேல சாதாரணக் குழாய்த் தண்ணி, 20 நிமிஷம். பேஸ்ட், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். 108-க்கு அடிங்க. தேனிக்காரங்களுக்கு க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தெரியும். வெளிய காயம் சின்னதாத் தெரிஞ்சாலும் கண்டிப்பா டாக்டர் பார்க்கணும். மின்சாரக் காயம் உள்ளயும் இருக்கும், இதயத்தையும் கண்ணையும் பார்க்கணும்.

இந்த எபிசோடை உங்க ஊர்ல பேனல் திறக்கிற ஒரு அண்ணனுக்கு அனுப்புங்க. அதைவிட முக்கியமா, அவருக்குச் சம்பளம் குடுக்கிறவருக்கு அனுப்புங்க. உங்க வேலை இடத்துல நிறுத்திப் பூட்டுற பழக்கம் இருக்கா, இல்லையான்னு எனக்கு வாய்ஸ் நோட் போடுங்க. கம்பெனி பேர் வேண்டாம். அடுத்த வாரம் பார்ப்போம்.